கிராஃபிக்ஸ் கார்டு பேர் கொடுக்கும் கதை

1920 × 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 முறை படம் மாறினால், ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் சொல்லியாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இதைச் சளைக்காமல் செய்கிறது. ஆனால் கணினிக்கு உயிர் வந்த கணத்தில், அப்படியொரு கார்டு இருப்பதே இயங்குதளத்துக்குத் தெரியாது. கார்டு முதலில் பேர் கொடுக்க வேண்டும். அது நடக்கும் விதத்தை லினக்ஸில் யாரும் எட்டிப் பார்க்கலாம். நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது.

லினக்ஸின் நடுநாயகம் கெர்னல். நினைவகம், வட்டு, விசைப்பலகை என எல்லா வன்பொருளையும் கட்டியாளும் மைய நிரல் அது. கார்டு செருகப்பட்டிருப்பது பிசிஐ எனப்படும் இணைப்புப் பாதையில். 1992இல் இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு அது; இன்று அதன் வேகமான வாரிசு புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் கெர்னல் ஒவ்வோர் இடமாகப் போய் நான்கு பைட்டுகளைப் படிக்கிறது. இடம் காலியென்றால் எல்லா பிட்டுகளும் 1 என்று வரும். ஆள் இருந்தால் தயாரிப்பாளரின் எண்ணும் சாதனத்தின் எண்ணும் வரும். தயாரிப்பாளர் எண்களில் இன்டெல்லுடையது 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் இதுதான். ஏஎம்டி கார்டுகள் 1002 என்கின்றன. 2006இல் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனத்தின் எண் அது. நிறுவனம் கைமாறியும் எண் மாறவில்லை.

அடுத்த கேள்வி: கார்டுக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும்? இதைக் கேட்பதற்கென்று தனிக் கட்டளை எதுவும் கிடையாது. கார்டின் முகவரிப் பதிவகத்தில், அதாவது முகவரியைக் குறித்துவைக்கும் சிறு நினைவிடத்தில், கெர்னல் எல்லா பிட்டுகளையும் 1 ஆக எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறது. 256 மெகாபைட் கேட்கும் கார்டு தன் முகவரியின் கடைசி 28 பிட்டுகளை மாறவே விடாது. 2ஐ 28 முறை பெருக்கினால் சரியாக 256 மெகாபைட். எந்த பிட் மாற மறுத்தது என்பதுதான் பதில். இவ்வளவு சிக்கனமான உரையாடலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இனி அவரோடு பேசத் தெரிந்த நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த சாதன எண்களின் பட்டியலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல்களெல்லாம் முன்கூட்டியே ஓர் அட்டவணையாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், வட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து தேட வேண்டியதில்லை. எண் பொருந்திய டிரைவர் மட்டும் நினைவகத்துக்கு வருகிறது. கெர்னல் அதன் ‘ப்ரோப்’ என்ற செயற்கூற்றை அழைத்து, ‘இதோ உன் சாதனம்’ என்று ஒப்படைக்கிறது.

அந்த நேரத்தில் திரை வெறுமையாக இருப்பதில்லை. கணினியின் தொடக்க மென்பொருள் ஏற்கெனவே ஏதோ ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். எளிய டிரைவர் ஒன்று அதைக் கவனித்துக்கொண்டிருக்கும். புதிய டிரைவர் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். இருவரும் ஒரே நினைவகத்தில் எழுதினால் திரையில் குப்பைதான் மிஞ்சும். பிறகு நினைவக மேலாண்மை, குறுக்கீடுகள், திரை இணைப்புகள் என ஒவ்வொன்றாகத் தயாராகின்றன.

இதெல்லாம் முடிந்த பிறகே பதிவு. ‘டிஆர்எம் டெவ் ரெஜிஸ்டர்’ என்ற ஒற்றை அழைப்பு. டிஆர்எம் என்பது கெர்னலில் கிராஃபிக்ஸைக் கவனிக்கும் பகுதி. இந்த அழைப்பு கடைசியில்தான் வர வேண்டும் என்பதே இந்த அமைப்பின் உயிர்நாடி. சரக்கை அடுக்கி முடிக்கும் முன்பே கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டால் என்னாகும்? முதல் வாடிக்கையாளர் கேட்கும் பொருள் இன்னும் மூட்டையில் இருக்கும். கணினியில் அந்த வாடிக்கையாளர் மைக்ரோநொடிகளில் வந்து நிற்பார். பாதி தயாரான சாதனத்தைத் தொட்டால் கெர்னலே கவிழக்கூடும். பழைய டிரைவர்கள் ‘லோட்’ என்ற செயற்கூற்றில் தயாரிப்பு வேலைகளைச் செய்தன. அது ஓடுவதோ, சாதனம் வெளியே தெரிந்த பிறகு. புதிய டிரைவர்களில் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கெர்னல் ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது.

பதிவு நடந்ததும் ‘டெவ்’ கோப்புறையில் புதிய கோப்புகள் முளைக்கின்றன. லினக்ஸில் சாதனமும் கோப்பாகவே தெரியும். சாதனக் கோப்பின் வகையைச் சொல்லும் முதன்மை எண் கிராஃபிக்ஸுக்கு 226. ‘கார்டு 0’ என்ற கோப்பு திரையையே ஆளும் அதிகாரம் கொண்டது. 128இலிருந்து எண் தொடங்கும் ‘ரெண்டர்’ கோப்புகள் கணக்குப் போட மட்டும். அவற்றால் திரையைத் தொட முடியாது. முப்பரிமாண விளையாட்டு ஓட வேண்டும், ஆனால் அடுத்தவர் திரையில் கைவைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இந்த ஒரு பிரிவினையில் அடங்கிவிடுகிறது.

செல்பேசியிலும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் இப்படி ஒற்றைக் கார்டு கிடையாது; திரை, அதற்கான இணைப்பு, கணக்கிடும் பகுதி எல்லாம் தனித்தனிச் சாதனங்கள். ஒன்று தயாராகவில்லை என்றால் டிரைவர் ‘பிறகு வருகிறேன்’ என்று ஒரு குறியீட்டைத் திருப்பித் தந்துவிட்டு விலகிக்கொள்ளும். கெர்னல் அதை நினைவில் வைத்திருந்து மறுபடி அழைக்கும்.

பேர் கொடுப்பதைவிடப் பேரை நீக்குவதுதான் கடினம். யுஎஸ்பி வழியாகத் திரையை இணைக்கும் அடாப்டரை ஒருவர் சட்டென்று பிடுங்கிவிடுகிறார் என்று வையுங்கள். சாதனம் போய்விட்டது, ஆனால் அதன் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. டிஆர்எம் உடனே ‘சாதனம் இல்லை’ என்று குறித்துவைக்கிறது. புதிதாக வன்பொருளைத் தொட வருபவரைத் திருப்பி அனுப்புகிறது. ஏற்கெனவே உள்ளே வேலையாக இருப்பவர் முடிக்கும்வரை பொறுத்திருக்கிறது. சாதனத்தின் விவரங்கள் இருக்கும் நினைவகத்தையோ, கடைசி நிரலும் கோப்பை மூடும்வரை விடுவிப்பதில்லை. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், அது 0 ஆனால்தான் விடுதலை. விடுவிப்பதும் ஒதுக்கியதற்கு நேர் எதிர் வரிசையில்.

இத்தனை விதிகளும் எங்கே எழுதியிருக்கின்றன? நிரலுக்குள்ளேயே. முக்கியமான செயற்கூறுகளுக்கு மேலே, ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும் இட்டுத் தொடங்கும் குறிப்பு இருக்கும். ‘கெர்னல் டாக்’ என்ற கருவி அதைப் பிரித்தெடுக்கிறது. 2016 முதல் ‘ஸ்ஃபிங்ஸ்’ என்ற மென்பொருள் அதைப் பக்கங்களாகக் கோக்கிறது. செயற்கூறு பெறும் உள்ளீடு ஒன்றை விளக்காமல் விட்டால் கருவியே எச்சரிக்கும். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருப்பதால், நிரலைத் திருத்துபவரின் கண்ணெதிரிலேயே விளக்கமும் நிற்கிறது. டிஆர்எம்மின் மையக் கோப்பில் எடுத்துக்காட்டு டிரைவரின் சட்டகமே ஒன்று உண்டு: ஒதுக்கு, தயார்செய், கடைசியில் பதிவுசெய். சி மொழி ஓரளவு தெரிந்த கல்லூரி மாணவர்கள் கெர்னலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்த எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குங்கள்; ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான்.