நிறத்தை நனைத்து வைக்கும் பிசின்

மழை ஓய்ந்ததும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தோட்டப்புறச் செம்மண் பாதைகளைப் பாருங்கள். வெயிலில் வெளிறிக் கிடந்த மண் அடர்சிவப்பாகியிருக்கும். மழைநீருக்கு நிறம் கிடையாது. மண்ணிலும் புதிதாக எந்த நிறமும் சேரவில்லை. பிறகு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தெரிந்தால், ஐரோப்பிய ஓவியக் கூடங்களுக்கும் மலாயாக் காடுகளுக்கும் உள்ள உறவும் விளங்கிவிடும்.

செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. குகைச் சுவரில் வரைந்த ஆதி மனிதர்களும் அஜந்தா ஓவியர்களும் அரைத்துக் குழைத்த காவி இதுவேதான். ஆனால் மண்ணில் இரும்பு ஆக்சைடு கொஞ்சம், நிறமற்ற களிமண் துகள்கள் அதிகம். உலர்ந்த மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கிறது. ஒளியை வளைக்கும் திறனைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1. களிமண் துகளுக்கோ 1.5-க்குச் சற்று மேல். இந்த வேறுபாடு பெரிதாக இருப்பதால், விழும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்புகிறது. திரும்புவது வெள்ளை ஒளி. அது சிவப்போடு கலந்து மண்ணை வெளிறச் செய்கிறது. இடைவெளியில் நீர் புகுந்தால் நிலைமை மாறும். நீரின் எண் 1.33 என்பதால் வேறுபாடு சுருங்கி, சிதறல் குறைகிறது. ஒளி ஆழமாக உள்ளே போய், இரும்பு ஆக்சைடைப் பலமுறை சந்தித்து, நீலத்தையும் பச்சையையும் இழந்து வெளிவருகிறது. நம் கண்ணுக்கு அடர்சிவப்பு.

எண்ணெய் ஓவியம் வரைபவர்களின் தலைவலியும் இதுவே. தீட்டும்போது பளபளத்த நிறம் காய்ந்ததும் ஆங்காங்கே மங்கிவிடும். காய்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருப்பதால் வெள்ளை ஒளி சிதறுகிறது. நீர் தெளித்தால் நிறம் மீளும். நீர் வற்றினால் மறுபடி மங்கும். ஆகவே வற்றாத நீர் ஒன்று தேவைப்பட்டது. அதுதான் வார்னிஷ்.

வெகுகாலம் ஐரோப்பியர்கள் இதற்குப் பயன்படுத்தியவற்றுள் கிரேக்கத்தின் கீயோஸ் தீவில் கிடைக்கும் மஸ்திக் பிசின் முக்கியமானது. 1829-இல் ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரைச் சேர்ந்த லுக்கானுஸ் என்ற மருந்தாளுநர் டாமார் பிசினைப் பரிந்துரைத்தார். டர்பன்டைனில் எளிதாகக் கரைந்தது, மஸ்திக்கைவிடக் குறைவாக மஞ்சளித்தது. ஓவியர்கள் விரைவில் அதற்கு மாறினார்கள்.

டாமார் வந்தது தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளிலிருந்து. செங்கால், மெரந்தி போன்ற ஓங்கிய மரங்களின் பட்டையில் காயம் பட்டால், பூச்சியும் பூஞ்சையும் நுழையாமலிருக்க மரம் பிசினைச் சுரக்கிறது. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சுவது கண்ணாடிக் கட்டியாக இறுகுகிறது. தமிழ்நாட்டில் தூபத்துக்குப் போடும் குங்கிலியத்தைத் தரும் மரங்களும் இதே குடும்பம்தான். குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூரில் தூபமிட்ட பொருளுக்கும் ஐரோப்பிய ஓவியத்தின் மேல்பூச்சுக்கும் இப்படியொரு உறவு.

ஜொகூரில் எண்டாவ் ஆற்றோரக் காடுகளில் வாழும் ஜக்கூன் பழங்குடியினர், பிரம்போடும் பிற காட்டுப் பொருள்களோடும் டாமாரையும் சேகரித்து விற்றவர்கள். இப்பகுதிக் காட்டு விளைபொருள்களுக்கு அன்று சிங்கப்பூரே பெருஞ்சந்தை; கப்பல்கள் அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கிளம்பின.

ஆனால் ஜொகூரின் அரசுச் சின்னத்தில் இடம்பிடித்தது வேறொன்று: மிளகும் கம்பீர் இலையும். கம்பீர், தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் உதவிய செடி. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியின் குணம் கொண்டது. 1844 முதல் ஜொகூரின் ஆட்சியாளர் தெமாங்கோங் இப்ராகிம், மிளகும் கம்பீரும் பயிரிட ஆற்றங்கரை நிலங்களைச் சீனத் தலைவர்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்துத் திறந்துவிட்டார். கங்சூ முறை எனப்பட்ட அந்த ஏற்பாடு 1917 வரை நீடித்தது. கம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். ஒரு சாயப்பொருளுக்காக, டாமார் தரும் காடு அடுப்பில் எரிந்தது.

டாமாரின் திறமை அதன் மூலக்கூறுகளில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 30 கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய டிரைடெர்பீன்கள். இவற்றுள் ஒரு வகைக்கு டாமாரேன் என்றே பெயர். ஜின்செங் வேரின் மருந்துப் பொருள்களுக்கும் இதே எலும்புக்கூடு. சிறிய மூலக்கூறுகளின் கரைசல் இளக்கமாக ஓடி, மேடுபள்ளங்களை நிரப்பிச் சமதளமாகக் காய்கிறது. அக்ரிலிக் போன்ற நீள்சங்கிலிப் பிசின்கள் விரைவிலேயே கெட்டிப்படுவதால் அடியிலுள்ள மேடுபள்ளம் மேலேயும் தெரியும். டாமாரின் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.54, நீரைவிடச் சிறப்பாக நிறத்தை ஆழமாக்கும்.

குறையும் அதே மூலக்கூறுகளில்தான். ஆக்சிஜனோடு வினைபுரிந்து அவை மஞ்சளாகின்றன. ஒளி தொடங்கிவைத்த வினை இருட்டிலும் தொடர்கிறது. நீல வானம் பச்சையாகத் தெரியும், வெள்ளைச் சட்டை பழுப்பேறும். ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த குழு ஓவியம் 'இரவுக் காவல்' என்று பெயர் பெற்றதே இருண்டுபோன பழைய வார்னிஷால்தான். 1940-களில் அதை அகற்றியபோது உள்ளேயிருந்தது பகல் வெளிச்சம். முதுமையடைந்த டாமாரைக் கரைக்க மேலும் வீரியமான கரைப்பான்கள் தேவை. அவை அடியிலுள்ள வண்ணத்தையும் தொட்டுவிடலாம். இதனால் 1980-களில் ரெனே டி லா ரீ போன்ற வேதியியலாளர்கள், டாமார்போல் சிறிய மூலக்கூறுகள் கொண்ட, ஆனால் எளிதில் மஞ்சளிக்காத செயற்கைப் பிசின்களை ஆராய்ந்தார்கள். அருங்காட்சியகங்கள் பலவும் இன்று அவற்றைப் பயன்படுத்துகின்றன. காட்டு மரம் காட்டிய வழியைத்தான் ஆய்வகம் திருத்தி எழுதியது.

உங்கள் வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் மஞ்சளித்துத் தொங்கினால், ஈரத்துணியும் சோப்பும் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். மங்கியது பெரும்பாலும் ஓவியம் அல்ல, மேலேயுள்ள பிசின்தான். அதை அகற்றுவது ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை.