பல்பு வேண்டாம், சுவிட்ச் போர்டைத் திறங்கள்

"வீட்டை ஸ்மார்ட் ஆக்கணும், எந்த பல்பு வாங்கலாம்ணே?" வயரிங் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பல்பே வாங்காதீர்கள் என்பேன். ஸ்மார்ட் பல்புக்கு எந்நேரமும் கரன்ட் போய்க்கொண்டிருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் போனில் எத்தனை முறை தட்டினாலும் எரியாது. நம் வீட்டுப் பாட்டிகளோ, "ஆளில்லாத ரூமுல எதுக்குடா லைட்டு?" என்று அணைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். பாட்டி செய்வதில் தப்பில்லை.

சுவிட்சுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே வைக்கிற ரிலே மாட்யூல் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். பாட்டி சுவிட்சைத் தட்டலாம், பேரன் போனில் தட்டலாம். விளக்கு இரண்டு பேருக்கும் எரியும். இதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி வேண்டும். வெளிநாட்டு வீடியோ பார்த்தவர்கள் அது கிடைக்காதோ என்று பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் பல பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராது, உண்மைதான். நம்மூர் போர்டில் சுவிட்சோடு பிளக் பாயின்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடக்கும். மாடிப்படி சுவிட்சில் மட்டும் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒன்றிரண்டு அறைக்கு வைஃபை மாட்யூல் போதும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும். போனில் 5 கிகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு 'கனெக்ட் ஆகலை' என்று புலம்பாதீர்கள். வீடு முழுக்கச் செய்வதானால் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை நல்லது. அதற்கு ஹப் ஒன்று தேவை. ஆனால் கரன்டில் ஓடும் ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் அடுத்த அறைக்குச் செய்தியைக் கடத்திவிடும் என்பதால் கான்கிரீட் சுவர்கள் அவ்வளவாகத் தொல்லை தராது. பேட்டரி சென்சார்கள் அப்படிக் கடத்தாது. வைஃபை மாட்யூலோ ஜிக்பீ ஹப்போ வாங்கும்போது பெட்டியில் 'மேட்டர்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட பொதுத் தரம் அது. ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், லோடு. 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ் இழுக்கும். அதை 10 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். தண்ணி மோட்டார் இன்னும் மோசம். ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்டை ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுக்கும். அந்த அடியில் சின்ன ரிலேயின் பாயின்டுகள் ஒட்டிக்கொள்ளும். போனில் ஆஃப் என்று காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், டேங்க் வழிந்து தெருவுக்கு வரும். மாட்யூலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் போட்டே ஆக வேண்டும். மாட்யூல் கான்டாக்டரை இயக்கட்டும், மோட்டாரின் கரன்டை கான்டாக்டர் சுமக்கட்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்கிறவர் வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை.

நடுராத்திரி கரன்ட் போய்த் திரும்பினால் சில மாட்யூல்கள் எல்லா விளக்கையும் போட்டுவிடும். செட்டிங்கில் 'கரன்ட் வந்தால் ஆஃப்' என்று மாற்றிவிடுங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். கேமரா வைத்தால் கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்; 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களுக்குள் புகுந்தது அந்தப் பழைய பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

முதலில் ஹால் லைட் ஒன்றுக்கு மட்டும் மாட்டி, வீட்டில் எல்லாரும் ஒரு மாதம் புழங்கிப் பாருங்கள். போர்டைத் திறக்கும் முன் மெயினை இறக்குங்கள். போனில் ஆஃப் என்று காட்டினாலும் மாட்யூலுக்கு ஃபேஸ் வந்துகொண்டுதான் இருக்கும்.