உங்க ஊர் சாமிக்கு போட்டோ இருக்கா? - கல்லிடைக்குறிச்சி நடராஜர் 37 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய கதை!

நெல்லையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் போனவர்களுக்குக் கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். சீஸன் நேரத்தில் குற்றாலம் போகிற கூட்டம் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். ஊர் பேரைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது அப்பளம். ஆனால், 2019 செப்டம்பரில் கல்லிடைக்குறிச்சி தலைப்புச் செய்தியானதற்குக் காரணம் வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பி, டெல்லி வந்து, அங்கிருந்து ரயிலேறி சென்னை சென்ட்ரலில் இறங்கிய ஒரு நடராஜர், அந்த ஊர்க்காரர்!

அவரை வரவேற்க ரயில் நிலையத்தில் மேளதாளமும் தேவாரமுமாகக் கூட்டம் கூடியது. சுமார் இரண்டரை அடி உயரமும், ஏறத்தாழ 100 கிலோ எடையும் கொண்ட ஐம்பொன் திருமேனி அது. 37 வருடங்களாக ஊரில் இல்லாத சாமி. அவர் எப்படிப் போனார், எப்படித் திரும்பினார் என்று பார்த்தால், கிராமத்துக் கோயில் திருட்டு எப்படி நடக்கிறது, போலீஸ் அதை எப்படித் துப்புத் துலக்குகிறது என்ற மொத்தக் கதையும் அதற்குள் இருக்கிறது.

1982... அந்த ஒரு ராத்திரி!

கல்லிடைக்குறிச்சியில் அறம்வளர்த்தநாயகி உடனுறை குலசேகரமுடையார் கோயில் இருக்கிறது. 1982-ல் இந்தக் கோயிலின் கதவுகளை உடைத்து நடராஜர், சிவகாமியம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர் ஆகிய நான்கு சிலைகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளூர் போலீஸ் வழக்கு பதிந்து தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. 1984-ல் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஃபைல் மூடப்பட்டது.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். அப்போது சிலைத் திருட்டுக்கென்று தனி போலீஸ் பிரிவே கிடையாது. தமிழக காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உருவானது 1983-ல்தான். ஒரு கிராமத்து ஸ்டேஷனில் இருக்கும் நாலைந்து போலீஸாருக்கு வீட்டுத் திருட்டு, அடிதடி, வாய்க்கால் தகராறு என்று ஏகப்பட்ட வேலை. காணாமல்போனது நகையாக இருந்தால் அடகுக் கடைகளில் தேடலாம். ஆனால், லண்டனில் விற்கப்போகிற சிலையை அம்பாசமுத்திரத்தில் தேடி என்ன பயன்?

கிராமத்திலிருந்து கேலரி வரை!

சிலைக் கடத்தலில் பூட்டை உடைக்கிறவன்தான் கடைசிக் கூலி. அவனுக்குக் கிடைப்பது சில ஆயிரங்கள். அவனிடமிருந்து உள்ளூர் புரோக்கர், புரோக்கரிடமிருந்து சென்னை, மும்பை போன்ற நகரங்களின் வியாபாரி என்று சிலை கைமாறும். பழைய சிலையோடு புதிதாக வார்த்த சிலைகளைக் கலந்து, ‘கைவினைப் பொருள்’ என்று எழுதிக் கப்பலேற்றுவது பல வழக்குகளில் வெளிவந்த உத்தி.

அடுத்து நடப்பதுதான் முக்கியமான வேலை. சிலைக்கு ஒரு ‘பூர்வீகம்’ தயாரிப்பார்கள். பழம்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. 100 வருடங்களுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதனால், ‘இந்தச் சிலை அதற்கு முன்பே இந்தியாவை விட்டு வந்துவிட்டது’ என்று காட்டப் பழைய ரசீதும் கடிதமும் போலியாக உருவாக்கப்படும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் பெரிய மியூசியங்கள் கோடிகளைக் கொட்டுகின்றன.

நியூயார்க்கில் கேலரி நடத்திய சுபாஷ் கபூர் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கேலரி 2008-ல் அவரிடமிருந்து வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்! 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூர், 2012-ல் தமிழகம் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நேரிலேயே ஒப்படைத்தார்.

நம்ம நெல்லைச் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. அத்தாளநல்லூர் மூன்றீஸ்வரமுடையார் கோயிலின் வாசலில் நின்ற கல் துவாரபாலகர்கள் 1990-களின் மத்தியில் திருடப்பட்டார்கள். காவலுக்கு நின்றவர்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! கபூர் மூலமாக ஆஸ்திரேலிய தேசிய கேலரிக்குப் போன அவர்கள் 2020-ல் இந்தியா திரும்பினார்கள்.

துப்புக் கொடுத்தது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ!

கல்லிடைக்குறிச்சி நடராஜருக்கு வருவோம். அவரை அடிலெய்ட் நகரிலுள்ள தெற்கு ஆஸ்திரேலிய கலைக்கூடம் 2001-ல் விலைக்கு வாங்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சிலை இந்தக் கோயிலுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? நடராஜர் சிலைகள் தமிழகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே!

அங்கேதான் புதுச்சேரி கைகொடுத்தது. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள், ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட தொகுப்பு அது. அதில் குலசேகரமுடையார் கோயில் நடராஜரும் இருந்தார். மியூசியத்தின் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, திருவாசியின் சுடர்கள், விரிசடை, பீடத்தின் தேய்மானம், வார்ப்பில் ஏற்பட்ட சிறு குறைகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் இந்த விசாரணையின் உயிர். கையால் வார்த்த இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. நம் கைரேகை மாதிரிதான்.

மூடிய ஃபைலைத் திறக்கலாமா என்ற கேள்வி வரலாம். தாராளமாகத் திறக்கலாம். மூன்று ஆண்டுகள் வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் காலவரம்பு உண்டு. பூட்டை உடைத்துத் திருடுவது அதைவிடப் பெரிய குற்றம் என்பதால், 30 வருடம் கழித்துத் துப்பு கிடைத்தாலும் போலீஸ் மேல்விசாரணை நடத்தலாம். சென்னை உயர் நீதிமன்றத்தால் சிறப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டிருந்த பொன்.மாணிக்கவேல் தலைமையிலான குழு இந்த வழக்கைத் தூசுதட்டியது. 1982-ம் வருட எஃப்.ஐ.ஆரும் பிரெஞ்சு நிறுவனத்தின் படமும் சேர்ந்தபோது, அடிலெய்ட் கலைக்கூடம் சிலையைத் திருப்பிக் கொடுத்தது.

ஒருவேளை 1982-ல் கோயில்காரர்கள் புகாரே கொடுக்காமல் இருந்திருந்தால்? ‘சாமி போயிடுச்சு, என்ன செய்ய’ என்று விட்டிருந்தால்? போட்டோ இருந்தும் திருட்டு நடந்ததற்குச் சாட்சி இருந்திருக்காது. புகார் இருந்து போட்டோ இல்லாவிட்டாலும் இதே கதிதான். அன்று நான்கு சிலைகள் போயின. 2019-ல் திரும்பியது நடராஜர் மட்டும்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் வயல்வெளி, நடுவே நூற்றுக்கணக்கான சிறு கோயில்கள். தென்காசி காசி விஸ்வநாதர், குற்றாலநாதர் போன்ற பெரிய கோயில்களில் கேமராவும் காவலரும் உண்டு. பிரச்னை, காலையில் ஒரு வேளை விளக்கேற்றிவிட்டு அர்ச்சகர் கிளம்பிவிடும் சின்னக் கோயில்களில்தான். இரவு ரோந்து போலீஸார் கோயிலில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்திட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு மீதி ராத்திரிக்கு ஒரு பூட்டுதான் காவல்.

இதற்காகத்தான் மதிப்புமிக்க உற்சவத் திருமேனிகளை அறநிலையத்துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டு போகிறார்கள். பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால், திருவாதிரைக்கும் தேரோட்டத்துக்கும் சாமி ஊரில் இல்லை என்ற வருத்தம் மக்களுக்கு. பூட்டிவைத்தால் வழிபாடு இல்லை, திறந்துவைத்தால் பாதுகாப்பு இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. சிலைகளைக் கணக்கெடுத்துப் படத்துடன் பதிவு செய்வதும், பாதுகாப்பு அறைகள் அமைப்பதும் அவற்றில் அடக்கம்.

காட்டிலும் இதே கதைதான்!

பழம்பொருள் சட்டம் வந்த அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தையொட்டிய கிராமங்களில் வனத்துறைக்கும் போலீஸுக்கும் தலைவலி, திருட்டு மின்வேலியும் அவுட்டுக்காயும். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் யானை சாகும். சில நேரம் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் சாவார். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை, கம்பி எந்தக் கம்பத்திலிருந்து வந்தது என்ற மின்வாரியத்தின் ஆய்வு, நிலம் யாருடையது என்ற வருவாய்த்துறைப் பதிவு என மூன்றும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். யானை போன்ற முதல் பட்டியல் விலங்குகளைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டக் கிராமங்களில் கேரளாவின் மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டது நினைவிருக்கும். குப்பையில் கிடந்த நோயாளிகளின் விவரச் சீட்டுகளே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரள அரசே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனது. கிராமத்தில் நடக்கும் குற்றத்துக்கு சிசிடிவி கிடையாது. ஊர்க்காரர்களின் கண்ணும், கையில் கிடைக்கும் ஆதாரமும்தான் போலீஸின் பலம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் ஊர்க் கோயிலின் சிலைகளை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, பீடம் என நான்கு கோணத்தில் படமெடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்திடமும் அர்ச்சகரிடமும் பேசுங்கள். அலங்காரம் இல்லாமல் எடுத்தால்தான் அடையாளம் தெரியும் என்பதால், அர்ச்சகர் சம்மதத்துடன், அபிஷேகத்துக்கு முன் எடுப்பது நல்லது. உயரம், அகலம், எடை, உடைந்த விரல், கீறல் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.

* அந்தப் படங்களை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கோயில் நிர்வாகம், அறநிலையத்துறை, போலீஸ் ஸ்டேஷன் ஆகியவற்றில் ஆளுக்கொரு பிரதி போதும். எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொல்ல வேண்டாம்.

* அறநிலையத்துறைக் கோயில் என்றால், 1959-ம் ஆண்டு சட்டத்தின் 29-வது பிரிவின்படி சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். சிலைகளின் விவரமும் அதில் வர வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பக் கோயில், குலதெய்வக் கோயில் என்றால் நீங்களே ஒரு பதிவேடு போடலாம்.

* வீடு கட்டவோ கிணறு வெட்டவோ தோண்டும்போது சிலை கிடைத்தால், வி.ஏ.ஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லிவிடுங்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மறைத்தால் கண்டெடுத்தவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

* திருட்டு என்று தெரிந்தால் உடனே 112. உடைந்த பூட்டு, கதவு எதையும் தொடாதீர்கள். எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாது. கல்லிடைக்குறிச்சிக்கு 37 வருடம் கழித்துத் தேவைப்பட்டது.

* பழைய சிலை எதையாவது யாராவது விற்க வந்தால், இன்டர்போலின் ‘ஐடி-ஆர்ட்’ என்ற இலவச செயலியில் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதாலேயே அது நல்ல சரக்கு ஆகிவிடாது. போலீஸில் சொல்வதுதான் சரி.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு, வழிபாட்டுத் தலத்தில் சிலை திருடுவதைத் தனியாகவே குறிப்பிட்டு 7 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. சட்டம் இருக்கிறது, தனிப் போலீஸ் பிரிவும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் தேவையான போட்டோவையும் புகாரையும் ஊரார்தான் தர வேண்டும்.

தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டிலேயே இதை யோசித்திருக்கிறார். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை குற்றாலத்தில் குளித்துவிட்டு அந்தக் கோயிலுக்குப் போனால், அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிறகு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது, அங்கே பதிவேடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.