ரொட்டிக் கடை அடுப்பில் வேகும் ஆட்டுக்கறி!

பிரான்ஸ் நாட்டின் கிழக்கு ஓரத்தில், ரைன் நதிக்கரையில் இருக்கிறது அல்சாஸ். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறைந்து போகும். அந்தக் குளிரில் மக்கள் ஆசையோடு சாப்பிடும் கறிக்கு "பெக்கஓஃபா" என்று பெயர். அல்சாஸ் பேச்சில் இதற்கு "ரொட்டிக்காரர் அடுப்பு" என்று அர்த்தம்!

கறிக்கு ஏன் அடுப்பின் பெயர்?

முன்பெல்லாம் அங்கே திங்கட்கிழமை சலவை நாள். வீட்டுத் துணி முழுவதையும் பெண்கள் கையாலேயே துவைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்துப் போகும். இதற்கு நடுவே சமைக்க நேரம் ஏது?

அதனால் ஞாயிறு இரவே கறியை வெட்டி, வெள்ளைத் திராட்சை மதுவில் ஊற வைத்து விடுவார்கள். காலையில் சட்டியை நிரப்பி ரொட்டிக் கடையில் கொடுத்து விடுவார்கள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் சூடு மிச்சம் இருக்குமே! வீணாய்ப் போகும் அந்தச் சூட்டில் சட்டி வேகும். துவைத்து முடித்தால் சாப்பாடு தயார். அந்த நாளில் வழக்கம் இப்படித்தான் இருந்தது என்று அல்சாஸ்காரர்கள் சொல்வார்கள்.

மாவுப் பூட்டு

ஆடு, மாடு, பன்றி மூன்று கறியும் சேர்ப்பது வழக்கம். ஆட்டில் முன்சப்பைக் கறியைப் போடுவார்கள். அடியில் வில்லை வில்லையாய் உருளைக்கிழங்கு. அதன் மேல் கறியும் வெங்காயமும். மேலே மறுபடி உருளைக்கிழங்கு. ஊறிய மதுவையும் அதிலேயே ஊற்றுவார்கள். உப்பு, மிளகு, வாசனை இலைகள், அவ்வளவுதான். மிளகாய் கிடையாது. நம் நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்!

பிறகு கோதுமை மாவைப் பிசைந்து, கயிறு போல் திரித்து, மூடியைச் சுற்றி ஒட்டுவார்கள். ஆவி வெளியே போகாது. சட்டி மண்சட்டி. சூஃப்லென்ஹைம் என்ற ஊரின் குயவர்கள் இதற்குப் பெயர் பெற்றவர்கள்.

முற்றிய ஆட்டின் கறியில் சவ்வு அதிகம். பெருந்தீயில் அவசரமாய் வதக்கினால் ரப்பர்தான். ஈரமான இளஞ்சூட்டில் மணிக்கணக்காய்க் கிடந்தால் சவ்வு கரைந்து பசையாகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் விரலில் ஒட்டுகிறதே, அதே பசை! விலை குறைந்த கறியும் பல்லுக்கு வேலை வைக்காமல் கரைவது இதனால்தான்.

இப்போது சலவை இயந்திரம் வந்து விட்டது. வீட்டு மின்சார அடுப்பிலேயே சுமார் 170 டிகிரி சூட்டில் 3 மணி நேரத்துக்கு மேல் வேக வைக்கிறார்கள். மாவுப் பூட்டை மட்டும் விடவில்லை. சட்டியை அப்படியே மேஜைக்குக் கொண்டு வருகிறார்கள். கல்லாய் இறுகிய மாவைக் கத்தியால் உடைத்து மூடியைத் தூக்கினால், அத்தனை நேரம் அடைபட்டிருந்த ஆவி குபீரென்று எழும்புகிறது.