டப்பாவுக்கு முன்னாடி நானோ, பின்னாடி நானோ

இன்னைக்கு எங்க ஊர் குரும்பலூர்ல இருந்து பேசுறேன். பெரம்பலூர் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளையிற ஊர். இங்க ‘நானோ’ன்னு சொன்னா ரெண்டு பதில் வரும். ஒண்ணு டாடா கார். இன்னொண்ணு, 2021-ல இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் நானோ யூரியா பாட்டில்.

முகத்துல பூசுற நானோ பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க, ஃபேன்சி ஸ்டோர் அக்காகிட்ட கேட்டேன். “பொடிசா இருக்கும்ல தம்பி, தோலுக்குள்ள போயிடும்ல?”ன்னாங்க. அதனால நல்லதா கெட்டதான்னு அவங்களுக்கே குழப்பம். யோசிச்சுப் பாருங்க, விளம்பரமும் இதைத்தான் சொல்லுது: ‘ஆழமா ஊடுருவும்’. வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இதையேதான் சொல்லுது: ‘ரத்தத்துல கலந்துடும்’. ஆசைக்கும் பயத்துக்கும் ஒரே நம்பிக்கைதான் அடிப்படை.

அது உண்மையா? சன்ஸ்கிரீனை எடுத்துக்குவோம். அதுல இருக்கிற ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். துகள் பெருசா இருந்தா கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனாலதான் நம்ம நிறத்துக்குப் பூசினா சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. அதையே 100 நானோமீட்டருக்குக் கீழ கொண்டுபோனா (நம்ம தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன்) அந்த வெள்ளை மறைஞ்சிடும், புற ஊதாக் கதிரை மட்டும் தடுத்துக்கிட்டே இருக்கும். அதாவது இங்க நானோ வந்தது உள்ள போறதுக்காக இல்ல, மேலயே கண்ணுக்குத் தெரியாம உட்கார்றதுக்காக. ஆஸ்திரேலியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ, வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிட்டு, இந்தத் துகள்கள் தோலோட மேல் அடுக்கைத் தாண்டிப் போறதா தெரியலைன்னுதான் சொல்லுது. ஆனா அதே நாட்டுல நானோ பயத்துல சன்ஸ்கிரீனே வேண்டாம்னு சொன்னவங்களும் இருந்தாங்க. தோல் புற்றுநோய் ரொம்ப அதிகமா இருக்கிற நாடு அது!

அடுத்தது லேபிள். ஐரோப்பாவுல 2013 ஜூலையில இருந்து, நானோ துகள் இருந்தா பின்பக்கப் பட்டியல்ல அந்தப் பொருள் பேருக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள ‘நானோ’ன்னு போட்டே ஆகணும். நம்ம 2020 அழகுசாதன விதிகள்ல பட்டியல் கட்டாயம், அந்த வார்த்தை கட்டாயம் இல்ல. அதனால நமக்கு ‘நானோ’ங்கிறது முன்பக்கத்துல, கம்பெனிக்குப் பிடிச்சா மட்டும் வர்ற வார்த்தை.

இதுல ஒரு கூத்து இருக்கு. முன்பக்கம் நானோன்னு விக்கிற கிரீம்கள்ல பலது, கொழுப்பால ஆன லிப்போசோம் மாதிரி குமிழிகள். டியோர் கம்பெனி 1986-லயே ‘கேப்ச்சர்’ கிரீம்ல போட்ட சங்கதி அது. ஐரோப்பியச் சட்டம் கரையாத, உடம்புல தங்கக்கூடிய துகளைத்தான் நானோன்னு கணக்குல எடுக்கும். கரைஞ்சு உடைஞ்சு போற குமிழிக்கு அந்தப் பேர் தேவையில்ல. ஆனா எதையும் சொல்லாம அமைதியா இருக்கிற சன்ஸ்கிரீன்லயோ மஸ்காராவுலயோ நிஜ நானோ இருக்கலாம்.

பாட்டி விளக்கெண்ணெய் விளக்குல பிடிச்ச கண் மையும் கரித் துகள்தான், அதுவும் நானோ அளவுலதான். (முன்னோர் நானோ தொழில்நுட்பம்னு ரீல்ஸ் போட்டுடாதீங்க, புகை அப்படித்தான் இருக்கும்.) கடையில விக்கிற மையில போடுற கார்பன் கருப்புக்கு ஐரோப்பாவுல 10 சதவீத உச்சவரம்பு இருக்கு, தூய்மை அளவும் இருக்கு. வீட்டு மைக்கு ரெண்டும் கிடையாது.

நான் நிஜமா கவனிக்கிறது ஸ்ப்ரேயைத்தான். தோல் தடுத்தாலும், மூச்சுல போனா நேரா நுரையீரல். அதனாலதான் நானோ டைட்டானியம் டை ஆக்சைடை, மூச்சு வழியா நுரையீரலுக்குப் போற வாய்ப்புள்ள பொருள்ல போடக் கூடாதுன்னு ஐரோப்பா தடுத்திருக்கு. சன்ஸ்கிரீன் ஸ்ப்ரே வாங்கினா முகத்துக்கு நேரா அடிக்காதீங்க. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, கையில அடிச்சுத் தடவிக்கோங்க.