மேகத்தை ஊடுருவும் கண் விண்ணேறுவது எப்படி?

2022 பிப்ரவரி 14, காலை 5.59 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-52 ராக்கெட், 1,710 கிலோ எடையுள்ள இ.ஓ.எஸ்-04 ரேடார் செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பியது.

ராக்கெட்டுக்கு ஏன் பல நிலைகள்?

529 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றிவர நொடிக்குச் சுமார் 7.6 கி.மீ. வேகம் தேவை. எரிபொருள் தீர்ந்த கூட்டையும் இழுத்துக்கொண்டு போனால் அந்த வேகம் எட்டாது. ஆகவே வேலை முடிந்த நிலையை ராக்கெட் கழற்றிவிடுகிறது. பி.எஸ்.எல்.வி.யின் முதல், மூன்றாம் நிலைகள் திட எரிபொருளிலும் இரண்டாம், நான்காம் நிலைகள் திரவ எரிபொருளிலும் இயங்குகின்றன. திட எரிபொருள் பற்றிக்கொண்டால் முழுதும் எரிந்துதான் ஓயும். திரவ எஞ்சினைக் குறித்த நொடியில் நிறுத்தலாம். கடைசி நிலைக்கு அந்தத் துல்லியம் அவசியம்.

நேர்த் தெற்கே செல்லாதது ஏன்?

இந்தச் செயற்கைக்கோள் செல்லும், துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கே பறக்க வேண்டும். வழியில் இலங்கை இருக்கிறது. அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று, பிறகு தெற்கே திரும்புகிறது. இதில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்காகக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரவிலும் மழையிலும் எப்படிப் பார்க்கிறது?

ரேடார் தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. அதற்குச் சூரிய ஒளி வேண்டாம், மேகமும் தடையில்லை. அமைதியான நீர்ப்பரப்பு அலைகளை வேறு திசையில் தள்ளிவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த வயல் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

ஆனால் இந்தக் கண் ஒவ்வொரு முறையும் விண்ணேறிவிடுவதில்லை. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் நிலையில் கோளாறு ஏற்பட்டு, இ.ஓ.எஸ்-09 ரேடார் செயற்கைக்கோளை இழந்தோம். நான்கு நிலைகளில் ஒன்று தவறினாலும் பயணம் முடிந்துவிடும்.