சம்மதத்தைத் தள்ளிப்போடும் கணக்கு

பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பில் உள்ள பத்துப் பேரையும் பிடித்த வரிசையில் எழுதித் தருகிறார்கள். இவர்களை எத்தனை விதமாக ஜோடி சேர்க்கலாம்? 36,28,800 விதமாக! ஒரு விதத்தைச் சரிபார்க்க ஒரு நொடி என்றால், இரவு பகலாக உட்கார்ந்தாலும் 42 நாள். இருபது ஆண்கள், இருபது பெண்கள் என்றாலோ சுமார் 7,700 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான்.

1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற அமெரிக்கக் கணித மேதைகள், எல்லா விதங்களையும் சரிபார்க்காமலே ஜோடி சேர்க்க வழி கண்டார்கள். எல்லாரும் மகிழும் ஏற்பாட்டை அவர்கள் தேடவில்லை. அவரவர் துணையைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பி ஓடிப்போகக்கூடிய இருவர் எங்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதுவே ‘நிலைத்த இணைப்பு’.

ஒவ்வொரு ஆணும் தன் பட்டியலின் முதல் பெண்ணிடம் கேட்கிறான். பலர் கேட்டு வந்தால், அவள் அவர்களில் பிடித்தவனை நிறுத்திவைத்து மற்றவர்களை மறுக்கிறாள். ஆனால் சம்மதம் சொல்வதில்லை, சூட்சுமம் அங்கேதான். மறுக்கப்பட்டவன் அடுத்த பெயரிடம் போகிறான். அங்கே அவனை அதிகம் பிடித்துவிட்டால், ஏற்கெனவே காத்திருப்பவன் வெளியேற வேண்டியதுதான். எல்லாருக்கும் துணை அமைந்ததும் காத்திருப்புகள் சம்மதங்களாகின்றன. இருபது ஜோடிக்கு 400 முறைகூடக் கேட்க வேண்டியிருக்காது. நொடிக்கொன்று என்றால் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

யாரும் ஓடிப்போக மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? குமரனுக்குத் தன் துணையைவிட மீனாவை அதிகம் பிடிக்கும் என்று வையுங்கள். அப்படியானால் அவளிடம் அவன் முன்பே கேட்டிருப்பான். அவனைவிடப் பிடித்த ஒருவனுக்காக அவள் மறுத்திருப்பாள். எனவே அவள் அவனோடு ஓடிவர மாட்டாள். இவ்வளவு சிறிய நிரூபணம்!

இன்னொரு வியப்பு உண்டு. நிலைத்த இணைப்புகள் பல இருக்கும்போது, கேட்கும் தரப்பில் ஒவ்வொருவருக்கும் அவற்றுள் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த துணை அமைகிறது. காத்திருந்து தேர்ந்தெடுக்கும் தரப்புக்கோ அவற்றுள் கடைசிதான். பெண்கள் கேட்கத் தொடங்கினால் ஆதாயம் அப்படியே இடம் மாறும்.

அமெரிக்காவில் இளம் மருத்துவர்களை மருத்துவமனைகளோடு இணைக்க, 1950-களிலேயே ஏறக்குறைய இதே முறை புழக்கத்தில் இருந்தது. இத்துறையில் செய்த பணிக்காக 2012-இல் ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

2018-இல் ‘ஹிஞ்ச்’ என்ற டேட்டிங் ஆப் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தது. அங்கே யாரும் பட்டியல் எழுதித் தருவதில்லை. யாரை விரும்பினோம், யாரைத் தள்ளிவிட்டோம் என்பதைக் கவனித்து, நாம் எழுதாத பட்டியலைக் கணினியே ஊகிக்கிறது. கேலுக்கும் ஷாப்லிக்கும் கேட்காமலே கையில் கிடைத்த அந்தப் பட்டியல்தான் இன்றைய பொறியாளர்களுக்குப் பெரிய சவால்.